பதினொரு நாள் பேசாதவள்

"கையைக் கழுவிட்டு இங்க வா. நல்ல செய்தி ஒன்று," என்றார் வாட்டுக்குப் பொறுப்பான மல்காந்தி சிஸ்டர். சிங்களத்தில்தான் சொன்னார். அந்த வாட்டில் எல்லாப் பேச்சும் சிங்களத்தில்தான் நடக்கும்.

சந்திரிகா கையைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் செய்தி தேநீர் அறையைச் சுற்றி வந்துவிட்டது. மனநலத் தாதியருக்கான ஒன்றரை வருட விசேட பயிற்சிக்குக் கொழும்பிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருந்தது. மலைநாட்டில் மூன்றே பேருக்கு அழைப்பு. அதில் ஒருத்தி அவள். பயிற்சியை முடித்தால் வாட்டுக்குள்ளேயே ஊசி போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய் நோயாளியை அவரவர் வீட்டிலேயே பார்க்கிற உத்தியோகம் கிடைக்கும். பத்து வருஷமாக அவள் ஏங்கிக் கிடந்தது அதற்குத்தான்.

"எல்லாம் நீ எழுதின அறிக்கையால்தான்," என்றார் சிஸ்டர். "நோயாளியின் தாய்மொழியிலேயே பதினொரு நாள் விடாமல் பேசிப் பார்த்த தாதி இவள், தோட்டங்களுக்கு இப்படிப்பட்டவள்தான் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். வியாழக்கிழமை அதை அவர்கள் முன்னால் வாசிக்கணும். நல்ல சாரியாகக் கட்டிக்கொண்டு போ."

சந்திரிகா ஈரக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டாள்.

வாட்டைக் கூட்டித் துடைக்கிற றம்லத் வாளியை வைத்துவிட்டு வந்தாள். கம்பளைக்காரி. சந்திரிகாவைத் தவிர அந்த வாட்டில் தமிழ் பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

"மிஸ், கேக் இல்லாம ஒங்கள வெளிய உடமாட்டோம், செல்லிட்டேன். மத்த வாட்டு மிஸ்மாரு மூக்கப் பொத்திக்கிட்டுப் போற எடத்துல ஈந்துக்கிட்டு, நம்மட மிஸ் பெரிய மிஸ்ஸா வரப் போறாங்க."

"வாங்கித் தாறேன்."

"எனத்துக்கு மையத்து வூட்டுக்கு வந்த மாதிரி மொகத்த வச்சீக்கிறீங்க?"

"தலவலி."

"சந்தோசத்துக்கும் தலவலி வருமா? அது படிச்ச ஆக்களுக்கு மட்டும் வாற நோவு போல."

அதையே அவள் சிங்களத்திலும் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சந்திரிகாவும் சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டு போனதே தவிர சிரிப்பு வரவில்லை.

அந்த அறிக்கையில் உண்மையில்லாத வரி ஒன்றே ஒன்றுதான். அதற்குத்தான் பரிசு வந்திருந்தது.

*

பத்து வருஷத்துக்கு முன்னால் இந்த வாட்டுக்கு நியமனம் கிடைத்தபோது, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அவளுடைய அம்மா வேலாயி கேட்ட முதல் கேள்வி, "எந்த வாட்டுடி?"

"மனநல வாட்டும்மா."

"அப்புடின்னா?"

"மனசு சரியில்லாதவங்கள வச்சிப் பாக்குற எடம்."

"பைத்தியக்கார வாட்டா?" வேலாயி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "வாய மூடு. ஒரு ஆளுகிட்ட சொல்லிடாத. இருதய வாட்டுன்னு சொல்லு."

"அது எப்புடிம்மா?"

"இருதயமும் மனசும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துலதானடி இருக்கு? அதுல என்ன பெரிய பொய்யி? அங்க வேல செய்யிறவங்களுக்கும் அந்தக் கோளாறு ஒட்டிக்கும்னு ஊரே சொல்லுது. ஒன்னயும் எவன் கட்டுவான், ஒன் தங்கச்சியையும் எவன் கட்டுவான்?"

அப்படித்தான் சந்திரிகா இருதய வாட்டு மிஸ்ஸி ஆனாள். லீவில் வீட்டுக்குப் போனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் வந்து நிற்பார்கள். "உப்பக் கொறைங்க, கெதியா ஏத்தம் ஏறாதீங்க" என்று சொல்லி அனுப்புவாள். தங்கச்சிக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டன. சந்திரிகாவுக்கு ஆகவில்லை. பொய் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. அதைக் கழற்றிப் போடுவதற்கு ஒரு நாள் வாய்க்கவேயில்லை.

போன வருஷம் ஆனி மாதம், சுனாமி வந்த ஆறாம் மாதம், காலை பத்து மணிக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்து விட்டார்கள். தூக்கமில்லை, சாப்பாடில்லை, வெறுங்கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையில் திரிகிறாள் என்று அவளுடைய புருஷன் அரைகுறைச் சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போயிருந்தான். சந்திரிகா உடுப்பு மாற்றிவிடப் போனாள். கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் தலையை நிமிர்த்தினாள்.

பாப்பம்மாக்கா. கீழ் லயம். சின்னமுத்துவின் பெண்சாதி.

"யாரு?" என்றாள் பாப்பம்மா. முகம் மலர்ந்தது. "வேலாயி மகளா? அட, நம்ம சந்திரிகா புள்ளையா நீ? இங்கயா இருக்க?"

இவள் லயத்துக்குத் திரும்பினால் செய்தி பரவும். நாளைக்குக் கீழ் லயம், நாளன்றைக்கு மேல் லயம், அப்புறம் தங்கச்சியின் மாமியார் வீடு. எல்லாம் ஒரே நொடியில் கண்ணுக்குள் வந்து போயின. வாய் தானாகவே திறந்தது.

"மட்ட தெமள பே," என்றாள். எனக்குத் தமிழ் வராது என்று சிங்களத்தில், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

பாப்பம்மா அவளையே பார்த்தாள். பக்கத்துக் கட்டிலருகே நின்ற தாதியைப் பார்த்தாள். கதவடியில் நின்ற காவலாளியைப் பார்த்தாள். மறுபடி சந்திரிகாவைப் பார்த்துவிட்டு மெல்லத் தலையை ஆட்டினாள், விளங்கிவிட்டது என்கிற மாதிரி. பிறகு வாயை மூடிக்கொண்டாள். பதினொரு நாள் அதைத் திறக்கவேயில்லை.

"தமிழில் பேசிப் பார்த்தாயா?" என்று டொக்டர் தினமும் கேட்பார்.

"பார்த்தேன், டொக்டர். பதில் இல்லை," என்பாள் சந்திரிகா. பக்கத்தில் போவாள், குனிவாள், தலையணையைச் சரிசெய்வாள், வந்துவிடுவாள். றம்லத் இருந்திருந்தால் அவளாவது பேசியிருப்பாள். அவளோ மகளின் கல்யாணத்துக்கு இரண்டு கிழமை லீவில் கம்பளைக்குப் போயிருந்தாள்.

பேச்சே இல்லாத நோயாளி என்று டொக்டர் மருந்துக் குளிசையைக் கூட்டினார். நாலாம் நாள் மறுபடி கூட்டினார். எட்டாம் நாள் பாப்பம்மாவின் கை நடுங்கத் தொடங்கியது. சோறு உண்கிறாள், தூங்குகிறாள், போதும் என்று பன்னிரண்டாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். சின்னமுத்து கூட்டிப்போக வந்த நேரம், சந்திரிகா துணி அடுக்குகிற அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, எண்ண வேண்டிய அவசியமே இல்லாத படுக்கை விரிப்புகளை எண்ணினாள். அதற்குப் பிறகு மாதாமாதம் கிளினிக்குக்கு அவன் மட்டும் வந்து மருந்து வாங்கிப் போனான். அந்தப் புதன்கிழமைகளில் அவள் வேறு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மார்கழியில் பயிற்சிக்கு விண்ணப்பம் கேட்டார்கள். ஒரு நோயாளியைப் பற்றி விரிவான அறிக்கை எழுத வேண்டும். வேறு யாரைப் பற்றியும் எழுதியிருக்கலாம். ஆனால் அவளுக்கு மணிக்கு மணி நினைவிலிருந்தது அந்த ஒருத்திதான்: என்ன சாப்பிட்டாள், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள், எந்த நாள் விரல் நடுங்கியது. எழுத எழுத அழகாக வந்தது. அழகுக்கு நடுவில் அந்த வரியும் வந்து உட்கார்ந்தது: நோயாளியின் தாய்மொழியிலேயே தினமும் பேசிப் பார்க்கப்பட்டது.

*

ஞாயிற்றுக்கிழமை சாரி எடுக்க வீட்டுக்குப் போனாள். கலஹா வழி பஸ் தெல்தோட்டைக்கு வரும்போது மணி பதினொன்று.

வேலாயி செய்தியைக் கேட்டு நெஞ்சில் கைவைத்தாள். "கொழும்புக்கா? இருதயத்துக்கு மேல படிக்கிற படிப்பா?"

"அம்மா, நம்ம ரெண்டு பேரும் தனியா இருக்கயில எதுக்கு இருதயம்?"

"பழகிப் போச்சுடி." வேலாயி அலுமாரியைத் திறந்து சாரியைத் தேடிக்கொண்டே பேசினாள். "அந்தப் பாப்பம்மா இல்ல, கீழ் லயம், அது ஒன்னயப் பத்தி எவ்வளவு பெருமையாப் பேசுது தெரியுமா? அதுக்குப் புத்தி பெரண்டு போயி ஆஸ்பத்திரியில கெடந்துச்சில்ல? அப்ப நீ இருதய வாட்டுலருந்து தெனமும் எறங்கி வந்து, கையப் புடிச்சித் தமிழ்ல ஆறுதல் சொன்னியாம். லயம் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரியுது. எனக்கு ஒரு வார்த்த சொன்னியாடி நீ?"

சந்திரிகாவின் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை ஆறிக்கொண்டே இருந்தது.

"யாரும்மா சொன்னா? பாப்பம்மாக்காவேவா?"

"பின்ன? அது வாயால சொல்லி நான் காதால கேட்டேன். நான்தான் முழிச்சேன். சரி, ஏதோ புண்ணியம்னு நானும் தலய ஆட்டிக்கிட்டேன். எங்கடி போற? சாரியப் பாரு!"

கீழ் லயத்துக்கு இறங்கினாள். பாப்பம்மா தன் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு நடுங்கியது. அரிசி பாதி மடியிலும் பாதி மண்ணிலும் விழுந்தது.

"வா புள்ள," என்றாள், நேற்றுப் பார்த்துப் பிரிந்தவள் மாதிரி. "ஒக்காரு. தேத்தண்ணி ஊத்தவா?"

"வேணாங்க்கா."

"ஏன், என் கை நடுங்குதுன்னா? பாதி சிந்துனாலும் பாதி மிஞ்சும், குடி."

ஊற்றினாள். சொன்னபடியே பாதி சிந்தியது. சந்திரிகா கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"மலைக்குப் போறீங்களாக்கா?"

"போறேன். கொழுந்து வெரல்ல நிக்க மாட்டேங்குது. அரைப்பேருதான் விழுது, அரை நாள் கூலி. முழுப்பேரு வாங்கி ஏழு மாசமாச்சு. கங்காணி கிண்டல் பண்றான், பாப்பம்மா கொழுந்து பறிக்கல, கொழுந்துக்கு வெசிறி விடுதுன்னு." அவளே சிரித்தாள்.

சந்திரிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அம்மாகிட்ட ஏங்க்கா அப்புடிச் சொன்னீங்க? நான் கையப் புடிச்சேன், பேசினேன்னு."

பாப்பம்மா சுளகைக் கீழே வைத்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பின்ன, ஒன் மக அங்க தமிழச்சிங்கிறதையே மறச்சிக்கிட்டு இருக்கான்னு சொல்லச் சொல்றியா? பெத்தவளுக்குப் பயத்துலயே உசிரு போயிருமே."

சந்திரிகாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"நீ தமிழ் தெரியாதுன்னு சொன்னதும் எனக்குப் பட்டுன்னு வெளங்கிருச்சு புள்ள. இருதய வாட்டுலருந்து ஒன்ன அங்க வேலைக்கு அனுப்பியிருக்காங்கன்னு நெனச்சேன். அம்புட்டுப் பேருக்கு நடுவுல ஒத்த ஆளா நிக்கிற. பேரும் அவங்க பேரு மாதிரியே இருக்கு. இவ இன்னாருன்னு தெரிஞ்சா என்ன நடக்குமோ. நான் தமிழ்ல வாயத் தொறந்தா, இந்தப் பொம்பளைக்கு ஒன்ன எப்புடித் தெரியும்னு கேப்பாங்க. நீ மாட்டிக்குவ. அதான் நான் பேசவே இல்ல."

"பதினொரு நாளும்..."

"என் தங்கச்சி மண்சரிவுல போனா பாரு, அவ காதுக்குள்ள பேசிக்கிட்டே இருந்தா. அவளுக்குக்கூட நான் பதில் சொல்லல. வாய் தவறி ஒன் பேரு வந்துட்டா என்ன செய்யிறதுன்னு பயம்." பாப்பம்மா அவள் முழங்காலில் கையை வைத்தாள். கை அங்கேயும் நடுங்கிக்கொண்டிருந்தது. "எழுபத்தேழு கலவரத்துல ஒனக்கு ஆறு வயசு. நெனப்பிருக்கா? லயத்துக்கு நெருப்பு வச்சானுங்க. ஒன்னத் தூக்கிக்கிட்டுத் தேயிலைக்குள்ள படுத்துக் கெடந்தேன். நீ அழுத. பொட்ட அழிச்சிட்டு ஒன் வாய இந்தக் கையாலதான் பொத்துனேன். அந்த நெனப்புத்தான் வந்துச்சு அங்க."

சந்திரிகா கோப்பையைக் கீழே வைத்தாள்.

இப்படியே எழுந்து போய்விடலாம். இந்தக் காரணத்தைப் போர்த்திக்கொண்டே கொழும்புக்குப் போய்விடலாம். பாப்பம்மாக்கா சாகும்வரை காப்பாற்றுவாள். அந்த நினைப்பு வந்ததே அவளைக் கூசச் செய்தது.

"அக்கா, அங்க நான் தமிழச்சின்னு எல்லாருக்கும் தெரியும்."

"என்னது?"

"எல்லாருக்கும் தெரியும். தமிழ் நோயாளிங்க வந்தா என்னத்தான் கூப்புடுவாங்க. ஒங்ககிட்டயும் பேசச் சொன்னாங்க. நான்தான் பேசல."

பாப்பம்மாவின் கை முழங்காலிலிருந்து எழுந்தது. "அப்ப ஏன் அப்புடிச் சொன்ன?"

"நீங்க லயத்துல வந்து சொல்லிருவீங்கன்னு. நான் அந்த வாட்டுல வேல செய்யிறேன்னு... எல்லாருக்கும் தெரிஞ்சிரும்னு."

"எந்த வாட்டுல?"

"மனநல வாட்டுல."

"நான் கெடந்த வாட்டுல."

"ஆமாங்க்கா."

ஒரு கோழி வந்து மண்ணில் கிடந்த அரிசியைக் கொத்தியது. பாப்பம்மா அதை விரட்டவில்லை.

"அப்ப ஒனக்கு உசிருப் பயம் இல்ல. வெக்கம்," என்றாள் கடைசியில். "என் வியாதி ஒனக்கு வெக்கம். நான் பெரிய கலவரம்னு நெனச்சேன்."

"அக்கா..."

"எந்திரிச்சுப் போ புள்ள. பைத்தியக்காரி வாசல்ல ஒக்காந்து தேத்தண்ணி குடிக்கிறத யாராச்சும் பாத்துடப் போறாங்க. ஒன் இருதயம் கெட்டுப் போயிரும்."

*

திங்கட்கிழமை காலை மல்காந்தி சிஸ்டரின் மேசைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. முடிந்ததும் சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவள் பேசவில்லை என்றுதானே டொக்டர் மருந்தைக் கூட்டினார்?"

"ஆமாம், சிஸ்டர்."

"கை இன்னும் நடுங்குகிறதா?"

"நடுங்குது. வேலை செய்ய முடியல."

"ஏழு மாதம்." சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் ஒவ்வொரு கூட்டத்திலும் உன்னைத்தான் உதாரணம் சொன்னேன், தெரியுமா? எங்கள் வாட்டில் தமிழ் பேசுகிற தாதி இருக்கிறாள், எந்த நோயாளியும் ஊமையாகக் கிடக்க மாட்டாள் என்று."

சந்திரிகா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"வியாழக்கிழமை நீ போக வேண்டாம். அறிக்கையைத் திருப்பி வாங்கிக்கொள்கிறோம் என்று நானே எழுதுகிறேன். காரணத்தை உன் கையால் நீ எழுது, டொக்டருக்கும் ஒரு பிரதி. வேலை இருக்குமா இருக்காதா என்பது எனக்கு மேலே இருப்பவர்கள் பாடு. முதலில் அந்தப் பெண்ணைப் புதன்கிழமை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வா."

"வர மாட்டாங்க சிஸ்டர், நான் கூப்பிட்டா."

"அது உன் வேலை," என்றார் சிஸ்டர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு.

அன்றே லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்ச் சின்னமுத்துவின் காலில் விழாத குறையாகச் சொல்லிவிட்டு அம்மா வீட்டிலேயே தங்கினாள். புதன்கிழமை விடியற்காலை தெல்தோட்டைச் சந்தியில் புருஷனும் பெண்சாதியும் வந்து நின்றார்கள். பாப்பம்மா அவளைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் புருஷனோடு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். பின் சீட்டில் மேல் லயத்து அழகம்மா இருந்தாள். வாய்க்குப் பூட்டில்லாதவள்.

"என்ன மிஸ்ஸி, வெள்ளனயே? சின்னமுத்து குடும்பமும் வருது? நெஞ்சு வலியா அதுகளுக்கு?"

முன்சீட்டில் பாப்பம்மாவின் தலை அசையாமல் இருந்தது.

"இல்லங்க," என்றாள் சந்திரிகா. மறுபடி சொன்னாள், பஸ்ஸுக்கே கேட்கும்படி. "மனநலக் கிளினிக்குக்குப் போறோம். நான் அந்த வாட்டுலதான் வேல செய்யிறேன். பத்து வருசமா. இருதய வாட்டு கெடயாது."

"ஆத்தாடி!" என்றாள் அழகம்மா. "அப்ப என் நெஞ்சு வலிக்கு உப்பக் கொறைக்கச் சொன்னது?"

யாரோ சிரித்தார்கள். பாப்பம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கலஹா வந்தது, பேராதனை வந்தது, திரும்பவேயில்லை.

கிளினிக்கில் டொக்டர் சந்திரிகாவின் கடிதத்தைப் படித்துவிட்டிருந்தார். அவள் முகத்தைப் பார்க்காமலே, "கேள், எப்போதிலிருந்து தூக்கமில்லை என்று," என்றார் சிங்களத்தில்.

சந்திரிகா பாப்பம்மாவின் பக்கம் குனிந்தாள். "அக்கா, டொக்டர் கேக்குறாரு, எப்ப இருந்து..."

பாப்பம்மா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நடுங்குகிற கை இரண்டையும் மடியில் கோத்துக்கொண்டு டொக்டரைப் பார்த்துச் சொன்னாள்:

"இந்தம்மா வேணாம். இவங்களுக்குத் தமிழ் தெரியாது. வேற யாராச்சும் இருந்தா கூப்புடுங்க."

"என்ன சொல்கிறாள்?" என்றார் டொக்டர்.

சந்திரிகா ஒரு வார்த்தை குறையாமல் அதைச் சிங்களத்தில் சொன்னாள். சொல்லிவிட்டு வெளியே போனாள். தாழ்வாரத்தின் கடைசியில் றம்லத் தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"றம்லத், கையக் கழுவிட்டு வாங்க. உள்ள தமிழ் பேச ஒரு ஆள் வேணும்."

"எனத்துக்கு மிஸ், நீங்க ஈக்கிறீங்கதானே?"

"நான் பத்தாது," என்றாள் சந்திரிகா, துடைப்பானை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு.

சுவருக்கு அந்தப் பக்கம் பாப்பம்மாவின் குரல் கேட்கத் தொடங்கியது. முதலில் மெல்ல. பிறகு நிற்காமல். தங்கச்சி பெயர், மண்சரிவு, வெறுங்கூடை, காதுக்குள் கேட்ட பேச்சு. நடுநடுவே றம்லத் அதைச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். சந்திரிகா தண்ணீரைப் பிழிந்து, றம்லத் விட்டுப்போன இடத்திலிருந்து தரையைத் துடைத்தாள்.